கெம்மிக் கணவாய்: இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பாதை

ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் நடக்கத் தொடங்குபவர் முதல் நாளிலேயே பழகிக்கொள்வது மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகளைத்தான். பலகையில் அடுத்த ஊரின் பெயர் இருக்கும். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண் கிலோமீட்டரைக் குறிப்பதன்று. நடந்து சேர ஆகும் நேரத்தைக் குறிப்பது. தூரத்தை 'நாழிகை வழி' என்று காலத்தால் அளந்த மரபு நமக்கும் உண்டு என்பதால் இந்தக் கணக்கு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. செங்குத்தான மலையில் ஒரு கிலோமீட்டர் என்பதற்குத் தனியே பொருள் இல்லை. எத்தனை மூச்சு, எத்தனை இளைப்பாறல், இருட்டுவதற்குள் போய்விடலாமா என்பவையே நடப்பவனின் கேள்விகள்.

பெர்ன் மாநிலத்தின் காண்டர்ஸ்டெக் என்ற ஊரையும், வாலே மாநிலத்தின் லாய்க்கர்பாட் என்ற ஊரையும் இணைக்கும் பாதையும் அவ்வாறான ஒன்று. நடுவில் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் கெம்மிக் கணவாய். காலை உணவை ஓர் ஊரில் முடித்துவிட்டுப் புறப்படும் விடுமுறைப் பயணி, மாலையில் மறு ஊரின் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொள்ளலாம். ஏறத் தெம்பில்லாதவர்களுக்கு இரு முனைகளிலும் கேபிள் கார் உண்டு. கோடைகாலத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் நடக்கும் பாதை இது. இவ்வளவு எளிதாகிவிட்ட ஒரு வழிக்கு எத்தனை அடுக்குகளில் வரலாறு இருக்கிறது என்பதையும், அந்த எளிமைக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சற்றே திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

ஆல்ப்ஸ் மலையை மனிதன் அண்மைக்காலத்தில்தான் கடக்கத் துணிந்தான் என்று நெடுங்காலம் ஓர் எண்ணம் இருந்தது. பனி உருகத் தொடங்கியபோது அந்த எண்ணமும் கரைந்தது. கெம்மிக்கு மேற்கே ஷ்னிடேயோக் என்றொரு கணவாய் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் கடும் கோடையில் அங்கே பனி பின்வாங்கிய இடத்தில், மரப்பட்டையால் செய்யப்பட்ட அம்பறாத்தூணியின் பகுதி ஒன்று ஒரு மலைநடையாளரின் கண்ணில் பட்டது. ஆய்வில் அது கி.மு. 2800ஐ ஒட்டியது என்று தெரிந்தது. கெம்மிக்குக் கிழக்கே, காண்டர்ஸ்டெக்கை லோட்ஷென்டால் பள்ளத்தாக்குடன் இணைக்கும் 2,690 மீட்டர் உயரமுள்ள லோட்ஷென் கணவாயில், ஆல்பர்ட் நைஃபெலர் என்ற ஓவியர் 1930களிலும் 40களிலும் பழைய வில்களைக் கண்டெடுத்தார். அவை வெண்கலக் காலத்தவை என்பது பின்னர் உறுதியானது.

இந்தக் கண்டுபிடிப்புகள் ஒன்றை உணர்த்துகின்றன. கணவாய் என்பது நிரந்தரமாகத் திறந்திருக்கும் வாயில் அன்று. வெப்பமான நூற்றாண்டுகளில் அது திறக்கிறது. குளிர்ந்த நூற்றாண்டுகளில் பனியாறு இறங்கி வந்து அதைச் சாத்திவிடுகிறது. கதவு திறந்திருந்த காலங்களில் வேட்டைக்காரர்களும் ஆட்டிடையர்களும் கடந்தனர். நம்மிடம் உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்றதுபோல், இங்கே கோவேறு கழுதைகளின் முதுகில் உப்பும் பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் ஏறி இறங்கின. காட்சியை ரசிப்பதற்காக அங்கே ஏறியவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எல்லைக்கோட்டிலும் இந்தப் பழைய நடமாட்டத்தின் தடம் இருக்கிறது. இரு மாநிலங்களின் எல்லை மலைமுகட்டில் ஓடுவதுதான் இயல்பு. கெம்மியில் அப்படி இல்லை. கணவாயைத் தாண்டி வடக்கே நெடுந்தூரம் வாலேயின் நிலம் நீள்கிறது. தெற்கே இருந்தவர்கள் தங்கள் மாடுகளை முகட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மேய்த்தார்கள் என்பதே இதன் பொருள். மாட்டின் குளம்பு எதுவரை போயிற்றோ அதுவரை எல்லையும் போயிற்று.

*

மலையை அழகென்று பார்க்கும் கண் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் மெல்லத் திறந்தது. அதைத் திறந்தவர்களில் முக்கியமான ஒருவர் பெர்ன் நகரத்தவரான ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர். மருத்துவம் பயின்ற இளைஞர், தாவரங்களைத் தேடி 1728ஆம் ஆண்டு நண்பருடன் ஆல்ப்ஸைச் சுற்றி வந்தார். கெம்மியையும் அப்பயணத்தில் கடந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அந்த நடையின் விளைவாக அவர் எழுதிய 'ஆல்ப்ஸ்' என்ற நெடுங்கவிதை 1732இல் வெளியாயிற்று. நகரத்தின் சீர்கேடுகளுக்கு எதிரே மலைவாழ் உழவனின் எளிய, தூய வாழ்வை நிறுத்திய அக்கவிதை பல மொழிகளுக்குச் சென்றது. கையில் புத்தகத்துடன் மலைக்கு வரும் வாசகர் கூட்டம் ஒன்று உருவாகத் தொடங்கியது.

ஹாலர் கடந்தபோது லாய்க்கர்பாட் பக்கத்துப் பாறைச்சுவரில் இன்றுள்ள பாதை இல்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் செங்குத்தாக எழும் அந்தச் சுவரில், 1739 முதல் 1741 வரை டிரோல் நாட்டுத் தொழிலாளர்கள் வெடிமருந்தும் உளியும் கொண்டு வளைவு வளைவாக ஒரு வழியைக் குடைந்தார்கள். கீழிருந்து பார்த்தால் பாதை இருப்பதே தெரியாது. பாறையும் வானமும் மட்டுமே தெரியும். அவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. பாதை முடிந்த மறு ஆண்டு, 1742இல், மேலே ஷ்வாரன்பாக் என்ற இடத்தில் சுங்கச்சாவடி ஒன்று எழுந்தது. பின்னாளில் அதுவே வழிப்போக்கர் தங்கும் விடுதியாயிற்று.

பாதைக்குச் செலவு செய்யக் காரணம் வணிகம் மட்டுமன்று. லாய்க்கர்பாட்டின் வெந்நீர் ஊற்றுகளும் ஒரு காரணம். தோல் நோயாளிகளும் மூட்டுவலிக்காரர்களும் அங்கே வந்து, நீண்ட அங்கி அணிந்து, ஆணும் பெண்ணுமாக ஒரே தொட்டியில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பார்கள். நீரின்மேல் மிதக்கும் பலகைகளில் காப்பியும் செய்தித்தாளும் சதுரங்கமும் இருக்கும். நடக்க முடியாதவர்களைக் கணவாய்க்கு மேல் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். நம் மலைக்கோயில்களின் டோலியை நினைத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வழிகாட்டி நூல்களில் இதற்கான கட்டண விதிகள் இருக்கின்றன. சாதாரண உடல்வாகுக்கு நான்கு பேர். எடை கூடியவர்களுக்கு ஆறு பேர். மிகவும் கூடியவர்களுக்கு எட்டுப் பேர். அதற்குமேல் ஒருபோதும் இல்லை. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அந்தச் செங்குத்தில் நாற்காலியின் தண்டைத் தோளில் தாங்கியவனை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

*

1863ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் லண்டனிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. தாமஸ் குக் என்ற மதுவிலக்குப் பிரசாரகர் ஸ்விட்சர்லாந்துக்கு நடத்திச் சென்ற முதல் சுற்றுலா அது. பாரிஸைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் பலர். மீதமிருந்தோரில் ஒரு சிறு குழு தன்னை 'ஜூனியர் யுனைடெட் ஆல்பைன் கிளப்' என்று விளையாட்டாக அழைத்துக்கொண்டு தொடர்ந்து சென்றது. அதில் இருந்த ஜெமைமா மோரல், யார்க்‌ஷயரின் செல்பி என்ற ஊரைச் சேர்ந்த முப்பத்தொரு வயதுப் பெண். அவர் தினமும் நாட்குறிப்பு எழுதினார். ஷாமனி, மார்ட்டின்யி, சியோன், லாய்க்கர்பாட் என்று வந்தவர்கள் கெம்மியின் பாறைச்சுவரில் ஏறிக் காண்டர்ஸ்டெக்கில் இறங்கினார்கள். தரையைத் தொடும் நீண்ட பாவாடையுடன் அந்த வளைவுகளில் ஏறுவது என்ன உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். தோழர்களுக்காக எழுதிய அந்தக் குறிப்புகள், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்த லண்டன் கட்டடம் ஒன்றில் பின்னர் கிடைத்து, பயணத்தின் நூற்றாண்டான 1963இல் நூலாக வெளிவந்தன.

அதே 1863இல்தான் ஸ்விஸ் ஆல்பைன் கழகமும் தொடங்கியது. லண்டனின் ஆல்பைன் கிளப் அதற்கு ஆறு ஆண்டுகள் மூத்தது. சிகரங்களை வெல்வது அக்கழகங்களில் இருந்த கனவான்களின் கனவு. ஜெமைமாவின் குழு எந்தச் சிகரத்திலும் கொடி நாட்டவில்லை. ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு நடந்தது, தங்கியது, சாப்பிட்டது, மறுபடி நடந்தது. மலைவிடுமுறை என்று இன்று உலகம் அறிந்திருக்கும் பழக்கத்துக்கு சிகரம் ஏறிய வீரர்களைவிட இந்த நடுத்தர வர்க்கத்துப் பெண்ணே நெருங்கிய மூதாதை என்பது என் எண்ணம். அவரை அழைத்துச் சென்ற நிறுவனம் 2019 செப்டம்பரில் திவாலாகி மறைந்தது. பழக்கம் மறையவில்லை.

*

பாதையில் கூட்டம் சேரச் சேர இலக்கியமும் சேர்ந்தது. உண்மையில் இலக்கியம் முன்னரே அங்கே போய்விட்டது. ஜெர்மானிய நாடகாசிரியர் சக்காரியாஸ் வெர்னரின் 'பிப்ரவரி இருபத்து நான்கு' என்ற விதிநாடகம் 1810இல் வைமரில் மேடையேறியது. அது நிகழும் இடம் ஷ்வாரன்பாக் விடுதி. நெடுநாள் கழித்து அடையாளம் காட்டாமல் திரும்பி வரும் மகனைப் பணத்துக்காகப் பெற்றோரே கொன்றுவிடும் கதை. பிற்காலத்தில் ஆல்பெர் கமுவின் நாடகம் ஒன்றிலும் இதே கரு வருவதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

மார்க் ட்வைன் 1878இல் காண்டர்ஸ்டெக் பக்கத்திலிருந்து ஏறி லாய்க்கர்பாட்டில் இறங்கினார். 1880இல் வந்த அவரது பயணநூலில் வெந்நீர்த் தொட்டிக் காட்சியும், 1861இல் அந்தப் பாறைப்பாதையில் விழுந்து இறந்த பிரெஞ்சுக் கோமாட்டியின் கதையும் அடுத்தடுத்து வருகின்றன. மாப்பசானின் 'விடுதி' என்ற சிறுகதை 1886இல் வெளிவந்தது. குளிர்காலத்தில் விடுதிக்காரக் குடும்பம் கீழே இறங்கிவிட, காவலுக்கு இருவர் மட்டும் தங்குகிறார்கள். ஒருவர் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. மற்றவன் கதவைச் சுரண்டும் ஓசையை ஆவியென்று அஞ்சிப் பித்தனாகிறான். சில ஆண்டுகள் கழித்து அதே விடுதியைக் கண்ட ஆர்தர் கோனன் டாயிலுக்கும் இதுபோன்ற ஒரு கதை மனத்தில் முளைத்தது. பின்னர் மாப்பசானைப் படித்தபோது, தான் எழுத நினைத்தது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டு வியந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆயினும் அவர் கெம்மியை விட்டுவிடவில்லை. 1893இன் இறுதியில் வந்த கதையில், மரணத்தை நோக்கிச் செல்லும் ஷெர்லக் ஹோம்ஸ் வாட்சனுடன் கெம்மியைக் கடக்கிறார். அங்குள்ள டௌபன்சே ஏரிக்கரையில் பாறை ஒன்று மேலிருந்து உருண்டு வந்து அவர்களுக்குப் பின்னால் விழுகிறது.

கோடைப் பயணிகள் எழுதிய கதைகள் யாவும் ஏன் குளிரையும் மரணத்தையும் சுற்றி வருகின்றன? வெயிலில் நடந்தவர்கள், தாம் போன பின் அங்கே என்ன ஆகும் என்பதை ஊகித்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

*

அங்கேயே இருந்தவர்களுக்கு அது ஊகம் அன்று. 1718 ஜனவரியில் லாய்க்கர்பாட்டின்மேல் இறங்கிய பனிச்சரிவு ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று ஊரின் பெரும்பகுதியை அழித்தது. 1895 செப்டம்பர் 11 அதிகாலை, கெம்மிப் பாதையின் வடபகுதியில் 3,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஆல்டெல்ஸ் மலையிலிருந்து பனியாறே பெயர்ந்து ஸ்பிட்டல்மாட்டே மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. ஆறு மனிதர்களும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாடுகளும் மாண்டனர். அதே இடத்தில் 1782இலும் அப்படி ஒன்று நடந்து நால்வர் இறந்திருந்தனர். நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டு வரும் ஆபத்தை ஊர் மறந்துவிடுகிறது, மலை மறப்பதில்லை.

ஆபத்தைவிட அமைதியாக மற்றொன்று அம்மக்களை வாட்டியது. ஹாலரின் கவிதையில் தூய்மையின் உருவமாக நின்ற மலைவாழ் உழவனின் கழுத்தில், நேரில் வந்த பயணிகள் பெரிய கழலையைக் கண்டார்கள். பனிக்காலத்துப் பனியாறுகள் சுரண்டிவிட்ட மண்ணில் அயோடின் இல்லை. அதனால் தண்ணீரிலும் பயிரிலும் இல்லை. கழலையும், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றும் நோயும் வாலேயில் பரவலாக இருந்தன. பயணக்குறிப்புகள் பலவற்றில் இது அருவருப்புடன் எழுதப்பட்டிருக்கிறது. 1918இல் வாலே மருத்துவர் ஓட்டோ பயார்ட், கிரேஹன் என்ற மலைக்கிராமத்தில் மிகச் சிறிதளவு அயோடின் கலந்த உப்பை வீடுவீடாகக் கொடுத்துப் பயன் கண்டார். 1922 முதல் அத்தகைய உப்பு நாட்டில் பரவத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் அந்த நோய் மறைந்தது. கணவாய்கள் வழியே போன பொருள்களில் உப்பே மூத்தது. மலைக்காரர்களுக்கு நகரத்துக் கவிதை செய்யாததை இறுதியில் உப்பு செய்தது.

கணவாயைக் கடப்பதற்குப் பதிலாக மலையைத் துளைக்கவும் மனிதன் முயன்றான். 1906இல் தொடங்கி 1913இல் திறக்கப்பட்ட லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்கம் காண்டர்ஸ்டெக்கிலிருந்து புறப்படுகிறது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். 1908 ஜூலை 24 அன்று, கஸ்டர்ன் பள்ளத்தாக்கின் அடியில் வெடிவைத்தபோது, பாறை இருக்கும் என்று நம்பிய இடத்தில் நீரும் மணலும் சரளையுமாக இருந்த பனியாற்றுப் படிவு உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இருபத்தைந்து பேர் புதைந்தனர். அந்தப் பகுதியைச் சுவர் எழுப்பி மூடிவிட்டு, சுரங்கத்தை வளைத்துக் கொண்டுபோனார்கள். 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தில் இன்றும் ரயில் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் செல்கிறது.

*

1951ஆம் ஆண்டு கோடையில் லாய்க்கர்பாட்டுக்கு ஒருவர் வந்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். ஸ்விஸ் நண்பரின் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டில் தங்கித் தம் முதல் நாவலை எழுதி முடித்தார். 'கிராமத்தில் ஓர் அந்நியன்' என்ற அவரது கட்டுரை 1953இல் வெளியாயிற்று. தெருவில் குழந்தைகள் அவரைப் பார்த்துக் கத்தியதையும், தலைமுடியைத் தொட்டுப் பார்த்தவர்களையும் அவர் எழுதுகிறார். திருவிழாவில் சிறுவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஆப்பிரிக்கர்களை மதம் மாற்றுவதற்காகக் காசு திரட்டிய வழக்கத்தையும் எழுதுகிறார்.

ஹாலர் கண்டதும் பால்ட்வின் கண்டதும் ஒரே மலைநாடு. முன்னவர் உலகத்தின் கறை படாத இடத்தைக் கண்டார். பின்னவரோ, உலகத்தின் கணக்குகள் வந்து சேராத மலைக்கிராமம் என்று ஒன்று இல்லை என்பதைக் கண்டார். ஒதுக்குப்புறமான ஊர் என்பது போகிறவரின் கற்பனை. பாதை இருந்தால் நல்லதும் கெட்டதும் அதன் வழியே வந்துவிடும். அதே ஊரில் 1996 முதல் பன்னாட்டு இலக்கிய விழா நடந்து வருவதும் அந்தப் பாதையின் கொடைதான்.

*

மஞ்சள் பலகைக்கு வருவோம். மோட்டார் வாகனங்கள் மலைச்சாலைகளை நிறைத்து, நடப்பவரைப் புழுதியில் ஒதுக்கிய காலத்தில், பள்ளி ஆசிரியரான யோஹான் யாக்கோப் எஸ் முதலியோரின் முயற்சியால் 1934இல் நடைபாதைகளுக்கான தேசியச் சங்கம் உருவாயிற்று. நாடெங்கும் ஒரே மாதிரியான பலகைகள் வந்தது அதன் பின்னரே. 1979இல் நடைபாதைகளைக் காக்கும் பொறுப்பை அரசியலமைப்பிலேயே சேர்ப்பதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேல் ஆம் என்றார்கள். இன்று அந்நாட்டில் அடையாளமிடப்பட்ட நடைபாதைகளின் நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர். சாலையால் ஒரு நடைபாதை அழிந்தால் அதற்கு ஈடாக வேறொன்றைத் தர வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் பாதையைக் காக்கும். பாதையின் முடிவில் உள்ள ஊரைக் காக்க அதற்கு வழியில்லை. லோட்ஷென் கணவாய்க்கு அப்பால், லோட்ஷென்டால் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்ற கிராமம் இருந்தது. வெயிலில் கறுத்த மரவீடுகள், தேவாலயம், முந்நூறு பேர். 2025 மே மாதம், ஊருக்கு மேலிருந்த மலைப்பகுதி நொறுங்கி பிர்ச் பனியாற்றின்மேல் விழத் தொடங்கியது. நிபுணர்களின் எச்சரிக்கையின்படி மே 19 அன்று மக்களும் மாடுகளும் வெளியேற்றப்பட்டனர். மே 28 பிற்பகல் பனியாறும் பாறையும் ஒன்றாகச் சரிந்து கிராமத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கை மூடிவிட்டன. எஞ்சிய வீடுகளை, தடைபட்டுத் தேங்கிய லோன்சா ஆற்றின் நீர் மூழ்கடித்தது. வெளியே இருந்த ஒருவர் உயிரிழந்தார். 1895இல் ஆல்டெல்ஸின் அடியில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்பது நாள் அவகாசம் பிளாட்டனுக்குக் கிடைத்தது. உயிர்கள் பிழைத்தன, ஊர் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் மீண்டும் கட்டி எழுப்புவதென்று ஊரார் முடிவெடுத்திருக்கிறார்கள்.

ஷ்னிடேயோக்கில் அம்பறாத்தூணியை வெளியே காட்டிய அதே வெப்பமே உயர்மலைகளில் பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கும் உறைபனியையும் இளக்கிக்கொண்டிருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வழிப்போக்கனை நமக்கு அடையாளம் காட்டிய கோடைகள், இனி வரும் வழிப்போக்கனுக்கு என்ன மிச்சம் வைக்கும் என்பது கவலைக்குரிய கேள்விதான்.

மலையில் விடுமுறை நடை என்பது, பிறருடைய தேவை வெட்டிய பாதையில் நாம் ஓய்வாக நடப்பது. டிரோல் தொழிலாளி, டோலி சுமந்தவன், மாடு மேய்த்தவன், சுரங்கத்தில் புதைந்தவன் எல்லோரும் அந்தப் பாதையில் இருக்கிறார்கள். கைகாட்டிப் பலகை நமக்குச் சொல்வது நேரத்தை மட்டுமன்று. இத்தனை நாழிகை நடந்தால் அங்கே ஓர் ஊர் இருக்கும், விளக்கு எரியும், கதவு திறக்கும் என்ற உறுதியையும் சேர்த்தே சொல்கிறது. அந்த உறுதியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அங்கே குளிர்காலத்திலும் இருப்பவர்கள். நடப்பவர் நன்றி சொல்ல வேண்டியது முதலில் அவர்களுக்கு. மலைக்கு அதன் பிறகு சொல்லலாம்.